வலமிருந்து இடமாக ஒரு கொல்கத்தா

ஹைக்கூ என்னும் குறுங்கவிதையைத் தமிழருக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் பாரதி. 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையில் பாஷோவின் பெயர் வருகிறது. ஆனால் அந்தச் செய்தி ஜப்பானிலிருந்து நேராக அவரிடம் வந்து சேரவில்லை. கல்கத்தாவில் ராமானந்த சட்டர்ஜி நடத்திய மாடர்ன் ரிவ்யூ இதழில் யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் புதுச்சேரியிலிருந்த பாரதி பேனாவை எடுத்தார். கிழக்காசியாவைப் பார்க்க இந்தியாவுக்கு ஒரு சன்னல் இருந்தது என்றால், அன்று அது கல்கத்தா. மேற்காசியாவைப் பார்க்கவும் அதே நகரத்தில் ஒரு சன்னல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பாரதியின் கட்டுரைக்கு 43 ஆண்டுகள் முன்பே, 1873இல், எபிரேய எழுத்தில் அச்சிட்ட பத்திரிகை கல்கத்தாவில் வெளிவரத் தொடங்கிவிட்டது. ஜப்பானிய மொழி பின்னாளில் வங்காளத்தில் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. அந்த எபிரேய எழுத்துப் பத்திரிகைகளைப் படிக்கக் கற்றுத்தரத்தான் இன்று அங்கே ஒரு துறை இல்லை. வெளிநாட்டு மொழியைப் பல்கலைக்கழகத்தில் எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற கேள்வியை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியாகக் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானியத் துறை ஒரே நாளில் முளைத்ததல்ல. கலை அறிஞர் ஒகாகுரா ககுஸோ 1902இல் கல்கத்தா வந்தார். விவேகானந்தரைச் சந்தித்தார், தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். அடுத்த ஆண்டு லண்டனில் வெளியான அவருடைய கீழைக் கலை இலட்சியங்கள் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் சகோதரி நிவேதிதை. 1903இல் யொகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஓவியர்கள் வந்து தங்கினார்கள். ஈரத் தாளில் வண்ணத்தைக் கரையவிடும் அவர்களுடைய முறையைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தாகூர் தம் 'வாஷ்' பாணியை உருவாக்கிக்கொண்டார். வங்க ஓவியமே அதனால் முகம் மாறியது. சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய புதிதில் ஹோரி ஷிடொகு என்ற இளந்துறவி சமஸ்கிருதம் கற்க வந்தார். 1905இல் சானோ ஜூடோ சொல்லிக்கொடுக்க வந்தார். 1916இல் ரவீந்திரநாத் தாமே ஜப்பான் போனார். அந்தப் பயண நூலில் பாஷோவை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். பாரதி எழுதிய அதே ஆண்டு இது. இத்தனைக்கும் பிறகு 1954இல்தான் சாந்திநிகேதனில் உள்ள விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு தொடங்கியது. 1967இல் அங்கே ஆசிரியராக வந்த கசுவோ அசுமா, தாகூரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவர். அவரும் அவருடைய நண்பர்களும் ஜப்பானில் நிதி திரட்டி உழைத்ததில் 1994இல் நிப்பான் பவனம் எழுந்தது. கொல்கத்தா சால்ட் லேக்கில் ரவீந்திர ஒகாகுரா பவனம் 2007இல் திறக்கப்பட்டது. ஒகாகுராவின் வருகைக்கும் நிப்பான் பவனத்துக்கும் இடையே 92 ஆண்டுகள். முதலில் உறவு, அப்புறம் வகுப்பு, கடைசியில்தான் கட்டடம்.

இன்று ஜப்பானிய வகுப்பில் சேரும் மாணவரின் கண் பெரும்பாலும் வேலையின்மீதுதான் இருக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகளை எழுதிப் பழகி, அன்றாடப் புழக்கத்துக்கென அந்நாட்டு அரசு வகுத்த 2,136 கஞ்சி எழுத்துகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, என்5 தொடங்கி என்1 வரை தேர்வுப் படிகளில் ஏறும் பிள்ளைக்கு அந்த உழைப்புக்கு ஊதியம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்வுச் சான்றிதழ் கொடுக்க ஒரு தனிப்பயிற்சி நிலையம் போதும். பல்கலைக்கழகம் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த ராதாவினோத் பால், டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் உட்கார்ந்து, 1948இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்றார். ஜப்பானியப் படை செய்த கொடுமைகளை அவர் மறுக்கவில்லை. வென்றவன் தோற்றவனுக்கு முன்தேதியிட்டுச் சட்டம் இயற்றலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த நுட்பமெல்லாம் தேய்ந்துபோய், ஜப்பான் குற்றமற்றது என்று ஓர் இந்தியரே சொல்லிவிட்டார் என்ற அளவுக்கு அவர் பெயர் அங்கே ஒரு தரப்பாருக்குக் கருவியாயிற்று. 2005இல் யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். பால் எழுதியது ஆங்கிலத்தில்; அவர் பெயரை என்ன செய்தார்கள் என்பது ஜப்பானிய மொழியில் கிடக்கிறது. தங்கள் ஊர்க்காரரின் சொல்லைப் பிற நாட்டார் எப்படித் திரித்தார்கள், எப்படிப் போற்றினார்கள் என்று வங்காளத்து மாணவர் தாமே படித்து எடைபோட வேண்டாமா? இது மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதற்கான பயிற்சியில் கிடைக்காது. மொழியும் வரலாறும் இலக்கியமும் ஒன்றாகக் கற்பிக்கப்படும் இடத்தில்தான் கிடைக்கும்.

இனி அடுத்த சன்னல். மத்திய கொல்கத்தாவில் பழைய கேனிங் தெரு ஓரத்தில் சிவப்புச் செங்கல்லும் உயர்ந்த கோபுரமுமாக மாகேன் டேவிட் யூத ஜெபாலயம் நிற்கிறது. எலியாஸ் டேவிட் எஸ்ரா தம் தந்தையின் நினைவாக 1884இல் கட்டியது. அந்தத் தெருவுக்கு இன்று ராஷ் பிஹாரி போஸின் பெயர்; 1915இல் ஜப்பானுக்குத் தப்பிப் போய், அந்த மொழியைக் கற்று, அதிலேயே நூல்கள் எழுதி, அங்கேயே மறைந்த அதே புரட்சியாளர். ஜப்பான் போன வங்காளியின் பெயர் தாங்கிய தெருவில் பாக்தாத்திலிருந்து வந்தவர்களின் ஆலயம். அலெப்போவில் பிறந்த ஷாலோம் கோஹன் என்ற நகை வணிகர் 1798இல் கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து இந்தச் சமூகத்தின் கதை தொடங்குகிறது. அவருக்குப் பின் பாக்தாத், பஸ்ரா, அலெப்போ யூதர்கள் வந்து சேர்ந்தார்கள். அபினி, அவுரி, பட்டு, பிற்காலத்தில் சணல் என்று வணிகம் செய்தார்கள். பாக்தாத்தில் தொடங்கி பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் வரை நீண்ட உறவுச் சங்கிலியில் கல்கத்தா ஒரு பெரிய கண்ணி. 1840களிலேயே எலயாசர் இராக்கி என்பவர் அங்கே எபிரேய அச்சகம் நடத்தினார். 1873இல் மெவாசேர், 1878இல் பெரஹ், 1889இல் ரப்பி ஷ்லோமோ த்வேனா நடத்திய மகீத் மெஷாரிம் என்று ஒன்று நின்றதும் அடுத்தது தொடர, 1900 வரை பத்திரிகை நின்றபாடில்லை. 27 ஆண்டுகள். தமிழில் அந்தக் காலத்தில் எத்தனை இதழ்கள் அந்த ஆயுளைக் கண்டன என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இந்தப் பத்திரிகைகளின் எழுத்து எபிரேயம், மொழியோ அரபு. யூத-அரபி என்று இதைச் சொல்வார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் தங்கள் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினார்களே, அந்த அர்வியை நினைத்துக்கொண்டால் போதும். சமயத்தால் கிடைத்த எழுத்து, வீட்டில் பேசும் மொழி, இரண்டும் சேர்ந்தால் இப்படி ஒன்று பிறக்கிறது. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். அடிப்படையில் எல்லாம் மெய்யெழுத்துகள், உயிரொலிகளுக்குப் புள்ளி, கோடு. அரபில் உள்ள சில ஒலிகளுக்கு எபிரேயத்தில் எழுத்து இல்லாததால் ஓர் எழுத்தின்மேல் குறியிட்டு ஒப்பேற்றினார்கள். கையெழுத்துக்கோ 'அரைப் பேனா' என்று பொருள்படும் பெயரில் வேறொரு சாய்வெழுத்து இருந்தது. ஆக, ஒரு வணிகக் கடிதத்தைப் படிக்க இரண்டு வகை எழுத்தும் பாக்தாத் யூதர் பேச்சு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மொழி கொல்கத்தாவில் எப்படி மறைந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 1881இல் யூதப் பெண்கள் பள்ளியும் மறு ஆண்டு ஏழைப் பையன்களுக்கான எலியாஸ் மேயர் பள்ளியும் தொடங்கின. ஆங்கிலம் வீட்டுக்குள் வந்தது. பேரப்பிள்ளைகள் பாட்டியின் அரபைக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள், பேசவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கேட்டாலும் புரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்துச் சில ஆயிரம் பேராக இருந்த சமூகம், 1947இல் இந்திய விடுதலைக்கும் 1948இல் இஸ்ரேல் தோன்றியதற்கும் பிறகு லண்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று கலைந்தது. இன்று எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். ஜெபாலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்கள் ஒடிசாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தார். யூதப் பெண்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். புது மார்க்கெட்டில் நாஹூம் ரொட்டிக்கடை இருக்கிறது. எஸ்ரா தெரு இருக்கிறது. ரப்பி எசக்கியேல் முஸ்லேயா 1975இல் எழுதிய வரலாறும், ஜேல் சிலிமன் 2001இல் வெளியிட்ட ஆய்வும், அவர் முன்னின்று உருவாக்கிய மின்காப்பகமும் அந்த நினைவைக் காத்து வருகின்றன. ஆனால் இவையெல்லாம் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வந்த முயற்சிகள். நகரத்தின் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்காகப் பாடத்திட்டத்தில் என்ன வைத்தன?

எபிரேயம் கொல்கத்தாவில் அறவே கற்பிக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1820இல் தோன்றிய பிஷப்ஸ் கல்லூரியிலும், கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரியிலும் இறையியல் மாணவர்கள் பழைய ஏற்பாட்டை மூலத்தில் படிக்க எபிரேயம் கற்கிறார்கள். அது மதிக்கத்தக்க, நெடிய மரபு. ஆனால் அது வேத எபிரேயம், அத்தோடு நின்றுவிடுகிறது. தேவாரத்தை மட்டும் படித்தவருக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பேரேடு புரியாதல்லவா? அந்த மாணவர் மகீத் மெஷாரிமின் பக்கத்தை எடுத்தால் எழுத்தைக் கூட்டி ஒலிப்பார், பொருள் தெரியாது. மறுபக்கம், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகத் துறை இருக்கிறது. 1780இல் தொடங்கிய கல்கத்தா மதரசா இன்று ஆலியா பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அங்கே படிக்கும் மாணவரிடம் அதே பக்கத்தை வாசித்துக் காட்டினால் ஓரளவு புரிந்துவிடும். தானே படிக்கச் சொன்னால் முடியாது. எழுத்து தெரிந்தவர் ஓரிடத்தில், மொழி தெரிந்தவர் வேறோரிடத்தில். ஒரே நகரத்துக்குள் இந்த இருவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை என்பதால் அந்த நகரத்தில் அச்சான பத்திரிகையே அதற்கு அயலாகிக் கிடக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கக் கோடி ரூபாய்க் கட்டடம் வேண்டாம். 22 எழுத்துகளைச் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

உடனே எழும் கேள்வி: யார் வந்து சேர்வார்கள்? ஜப்பானிய மொழிக்குத் தொழிற்சாலை இருக்கிறது, மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. யூத-அரபிக்கு என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தைப் பார்த்து இதைக் கேட்கத்தான் வேண்டும். என் பதில் இதுதான்: எல்லாப் பாடத்துக்கும் நூறு பேர் தேவைப்படுவதில்லை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அந்தச் சிலர் படித்துச் சொன்னதை வைத்துத்தான் எட்டுக் கோடிப் பேர் சோழர் வரலாறு பேசுகிறோம். கல்கத்தா அபினி ஏலத்தின் வரலாறு ஆங்கிலேய அதிகாரிகளின் கோப்புகளை வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டது. விற்றவனின் கணக்கு அது. வாங்கிக் கப்பலேற்றிய வணிகர்களில் ஒரு பகுதியினர் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதைப் படிக்க ஐந்து பேர் தயாரானால், இந்தியப் பொருளாதார வரலாற்றிலேயே ஒரு பக்கம் கூடும். ஐந்து பேருக்காக ஒரு தனித் துறை வேண்டும் என்று கேட்டால் அது மிகை. ஒரு விருப்பப் பாடம் கேட்பது மிகையாகாது. 1956இல் புத்ததேவ போஸ் ஜாதவ்பூரில் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கியபோது, நாட்டில் அப்படி ஒரு துறை வேறெங்கும் இல்லை. வேலைச் சந்தையைப் பார்த்து அவர் அதைத் தொடங்கவில்லை.

இதைவிடக் கனமான தடை அரசியல். யூத மொழி, யூத இலக்கியம் என்று சொன்னாலே இஸ்ரேல் நினைவுக்கு வருகிறது; காசா நினைவுக்கு வருகிறது. பாலஸ்தீன மக்களின் துயரத்தைக் கண்டு கொதிப்பவர்கள் நிறைந்த கொல்கத்தாவில், இது ஓர் அரசுக்குக் கொடி பிடிப்பதாகாதா என்று சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தின் பின்னே உள்ள மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் பாக்தாத் யூதர்களின் யூத-அரபி எந்த அரசின் மொழியும் அல்ல. யூதரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அவரவர் வழக்கில் அரபு பேசி ஒரே நகரத்தில் வாழ்ந்த ஓர் உலகத்தின் மொழி அது. யூதர் என்றால் அரபுக்குப் பகை என்று நினைப்பவரையும், அரபு என்றால் யூதருக்குப் பகை என்று நினைப்பவரையும் ஒருசேர நிறுத்தி யோசிக்க வைக்கக்கூடிய பாடம் அது. இந்த நேரத்தில் தேவையில்லை என்கிறார்கள். இந்த நேரத்தில்தான் தேவை என்கிறேன் நான். மேலும் வங்காளத்துக்கு இதில் சொந்த முன்னுதாரணமே இருக்கிறது. 1938இல் ஜப்பான் சீனாவைச் சூறையாடியதை நியாயப்படுத்தி நொகுச்சி எழுதினார். பாரதி படித்த அதே நொகுச்சி. தாகூர் அவருக்குக் கடும் கண்டனம் எழுதினார், நட்பையும் பார்க்கவில்லை. அதற்குப் 16 ஆண்டுகள் கழித்து அதே சாந்திநிகேதனில் ஜப்பானிய வகுப்பு தொடங்கியது. ஓர் அரசின் செயலைக் கண்டிக்கவும் ஒரு மக்களின் மொழியைக் கற்கவும் ஒரே மனத்தில் இடமுண்டு.

எல்லாவற்றையும் இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமே என்பது இப்போது புதிதாகக் கேட்கும் வாதம். அரபும் எபிரேயமும் ஆங்கில வணிகச் சொல்லும் இந்துஸ்தானியும் கலந்த, மை மங்கிய ஒரு பத்தியை இயந்திரம் எப்படிச் சொன்னாலும், அது சரியா என்று பார்க்கப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை எங்கே உருவாக்குவது என்பதுதான் பேச்சே.

தமிழராகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் மொழிக்கு உலகில் கிடைத்த மிகச் சிறந்த அயல்நாட்டு அறிஞர்களில் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நொபொரு கராஷிமா. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டியல் கற்று, டோக்கியோவில் பேராசிரியராக இருந்து, சோழர் கால நில உடைமையைச் சொல் எண்ணிச் சொல் எண்ணி விளக்கினார். மற்றவர் டேவிட் ஷுல்மன். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, 2016இல் தமிழின் வாழ்க்கை வரலாறு என்றே ஒரு நூல் எழுதியவர். அதே பல்கலைக்கழகத்தில் கைம் ராபின் 1970களில் விவிலியத்தின் உன்னதப்பாட்டைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டார். அவர் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்கே அகப்பாடல் ஜெருசலேமை எட்டியிருக்க வேண்டுமே! டோக்கியோவிலோ ஜெருசலேமிலோ தமிழ் படித்தால் வேலை கிடைக்கும் என்று யாரும் அந்த வகுப்புகளைத் தொடங்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் தேவைப்படவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தேவை இல்லாத இடத்தில் செலவிட்ட உழைப்பின் பலனை நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஜப்பானிய மொழியை இந்தியாவில் பல இடங்களில் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம், நல்லது. யூதர்களின் மொழிகளையும் இலக்கியத்தையும் இறையியல் கல்லூரிக்கு வெளியே கற்பிக்கும் இடங்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. வாங்கிய அளவுக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை.

அப்படி ஒரு பாடம் கொல்கத்தாவில் வந்தால் அது எப்படி இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறேன். அரபுத் துறையிலிருந்து ஓர் ஆசிரியர், இறையியல் கல்லூரியிலிருந்து எபிரேய ஆசிரியர் ஒருவர், வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர். முதல் பருவத்தில் எழுத்தும் இலக்கணமும்; இரண்டாவதில் மெவாசேர், பெரஹ், மகீத் மெஷாரிம் பக்கங்கள்; அப்புறம் ஆர்வம் உள்ளவர்களுக்கு நவீன எபிரேய இலக்கியத்தில் அக்னோன், இத்திஷ் மொழியில் சிங்கர். யூதப் பெண்கள் பள்ளியில் படித்த, அரபு ஓதிப் பழகிய ஒரு முஸ்லிம் மாணவிதான் முதல் ஆளாகச் சேர்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பள்ளிப் பெயரைத் தினமும் சீருடையில் சுமந்தவருக்கு அது யாருடைய மொழி என்று அறியும் ஆவல் இருக்கும். முதல் வகுப்பில் பத்திரிகையின் முகப்பை எடுத்துவைத்து, வெளியான ஊர் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். காஃப், லாமெட், மறுபடியும் காஃப் என்று வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வந்தால், மூன்றாவது நான்காவது எழுத்திலேயே அது எந்த ஊர் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும்.